படிக்கணக்கில் சேராத கோள்

போன வாரம் நம் வகுப்புக் குழுவில் அந்த ஆறாம் வகுப்புக் கொலு போட்டோவைப் போட்டவள் யுரேனஸ். பார்த்ததும் எல்லோரும் வழக்கம்போல ஒன்றைத்தான் கேட்டீர்கள். "மத்தவங்க எல்லாம் பொம்மை மாதிரி நேரா நிக்கிறாங்க. உச்சிப்படியில சூரியன் மட்டும் ஏண்டி கழுத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது?" நெப்டியூன், "கொட்டாவி வந்திருக்கும், மறைச்சிருப்பா" என்றாள். பூமி, "பின்னாடி யாராவது முறுக்கு தின்னிருப்பாங்க" என்றாள்.

எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒருத்தி மட்டும் வேறு கேள்வி கேட்டாள். "இதுல புளூட்டோ எங்க?" அதற்கு வெள்ளி உடனே பதில் போட்டாள்: "அவளைத்தான் நடுவுலயே எடுத்துட்டாங்களே."

வெள்ளி பொய் சொல்லவில்லை. எடுத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது மறந்துவிட்டது. நமக்கும் முப்பது தாண்டிவிட்டது. மாடி ஏறினால் முழங்கால் பேசுகிறது. இருபது வருடத்துக்கு முந்தைய நவராத்திரி பாதி மறந்துபோவதில் தப்பில்லை. ஆனால் நான் இப்போது அடையாறில் ஒரு நிறுவனத்தில் இயந்திர வரைபடங்களைச் சரிபார்க்கிறேன். உதிரிப் பாகங்களின் பட்டியலில் இருபத்து மூன்று என்று இருந்து, படத்தில் இருபத்திரண்டு இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் பள்ளி நினைவு மலருக்கு இந்தப் படத்தின் அடிக்குறிப்பை நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தபோது அடிக்குறிப்பு நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியில் ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஒரு வகுப்பு உயிர்க்கொலு வைக்கும். மண் பொம்மைகளுக்குப் பதில் நாம். குரூப் போட்டோவுக்கான மரப்படிகள், பெஞ்சுகள், மேசைகள் எல்லாவற்றையும் ஹாலில் அடுக்கி ஒன்பது படி கட்டுவார்கள். மேலே வெள்ளை வேட்டி விரிப்பார்கள். படிக்கு ஒருத்தியாக அரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. படியின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும் என்பது மயிலாப்பூரில் யாரும் விளக்காத, யாரும் மீறாத கணக்கு.

அந்த வருடம் ஆறாம் வகுப்பின் முறை. அறிவியல் டீச்சர் கரும்பலகையில் எழுதினார்: ஒன்பது படி, ஒன்பது கோள். சூரியனுக்குப் பதில் படிகளுக்கு மேலே தொங்கும் ஒரு பித்தளை விளக்கு. அதற்குக் கீழே புதன், பிறகு தூரக்கணக்கில் ஒவ்வொன்றாக இறங்கி, தரையை ஒட்டிய கடைசிப்படியில் புளூட்டோ. எனக்கு வேடம் இல்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பெயர்ப்பட்டியல் எழுதி வாசிக்கும் வேலை.

அன்று முதல் நமக்குள் யாருக்கும் வீட்டில் வைத்த பெயர் இல்லை. "ஏ யுரேனஸ், என் ஸ்கேல் எங்க?" என்று கேட்டால் யுரேனஸ் திரும்பினாள். இன்றும் என் போனில் உங்கள் எண்கள் அந்தப் பெயர்களில்தான் இருக்கின்றன.

முதல் சிக்கல் சனிக்கு வந்தது. அவள் அம்மா மறுநாளே ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார். நாம் ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து கேட்டோமே, நினைவிருக்கிறதா?

"டீச்சர், எம் பொண்ணை ஊரு முன்னாடி சனின்னு நிக்க வைப்பீங்களா? ஏற்கெனவே எங்க வீட்ல ஏழரை நடக்குது. அவங்கப்பா கால்ல கட்டோட படுத்திருக்காரு."

"இது சயன்ஸுங்க. வளையம் போட்ட அழகான கோள்."

"அவ்வளவு அழகா இருந்தா உங்க பொண்ணை நிக்க வைங்களேன்!"

பெயரை வாசிக்கும்போது 'வளையக் கோள்' என்று மட்டும் சொல்வதாக முடிவாயிற்று. அடுத்த நாள் செவ்வாயின் அம்மா. "நாளைக்கு இவளுக்கு வரன் பாக்கிறப்ப யாராவது இந்தப் போட்டோவைக் காட்டினா நான் என்னன்னு பதில் சொல்றது?" நமக்குப் பதினொரு வயது. செவ்வாய் வெட்கத்தில் உண்மையாகவே சிவந்துபோனாள். அவள் 'சிவப்புக் கோள்' ஆனாள். பட்டியலை இரண்டு முறை அடித்துத் திருத்தினேன்.

புளூட்டோவுக்காக எந்த அம்மாவும் வரவில்லை. புளூட்டோ எந்த ஜாதகத்திலும் இல்லை.

புளூட்டோவாக நிற்கவேண்டியவள் என் பக்கத்து இடம். நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்து வருவாள். கடற்கரை வழியாக வருவதால் ஷூ நிறைய மணல். வகுப்புக் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு ஷூவாகக் கழற்றித் தட்டுவாள். மாதக் கடைசியில் அந்த மூலையில் உள்ளங்கை அளவு கடற்கரையே சேர்ந்திருக்கும். ஆயாம்மா பெருக்கும்போது, "மெரினாவக் கூட்டியாந்துட்டா" என்பார். வகுப்பில் அவள்தான் குள்ளம். எதையும் கேட்டு வாங்காத பிள்ளை. எல்லோரும் வெள்ளி வேண்டும், பூமி வேண்டும் என்று கையைத் தூக்கியபோது அவள் தூக்கவில்லை. மிச்சம் இருந்ததைக் கொடுத்தார்கள்.

ஆனால் அவளுக்குக் கொள்ளை மகிழ்ச்சி.

"கடைசிப்படிடி அது" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியல. கீழ்ப்படின்னா முன்னால கீது. எங்க நைனாவுக்குப் பளிச்சுனு தெரியும்."

அவள் அப்பா அதுவரை நம் பள்ளிக்குள் கால் வைத்ததில்லை. விடிவதற்கு முன் கடலுக்குப் போய்விடுவார்; திரும்பி, வலையைக் காயவைத்துச் சரிசெய்வதற்குள் நாள் முடிந்துவிடும். கொலு அன்றைக்குக் கடலுக்குப் போகப்போவதில்லை என்று படகில் கூட வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். மகளுக்கு ஒரு கிரீடமும் பின்னினார். வெள்ளை நைலான் நூலில் சின்னக் கண்ணி வைத்த வலை, ஓரமெல்லாம் சின்னச் சிப்பிகள், பின்பக்கம் இடுப்புவரை தொங்கும் ஒரு வால். அவள் தலையை ஆட்டினால் சிப்பிகள் கிலுகிலுவென்று சத்தமிட்டன. அந்தக் கிரீடம் இப்போது எங்கும் இல்லை. நான் விசாரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, என் அப்பா பேப்பரை மடித்து இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். புளூட்டோ இனிமேல் கோள் இல்லை. விஞ்ஞானிகள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். நான் மிச்ச இட்லியைச் சாப்பிடவில்லை. கத்தரிக்கோல் எடுத்து அந்தச் செய்தியை வெட்டினேன். மழை பெய்து மாடவீதியில் முழங்கால் தண்ணீர். பொம்மைக் கடைக்காரர்கள் தார்ப்பாயைத் தூக்கி நீரை வழித்துக்கொண்டிருந்தார்கள். காகிதம் நனையாமல் டிபன் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் மணியில் எழுந்து நின்று சொன்னேன். அந்த வாக்கியம் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "டீச்சர், பட்டியல்ல ஒரு தப்பு இருக்கு."

டீச்சர் படித்தார். "நல்லவேளைம்மா. மேடையில தப்பாச் சொல்லியிருந்தா பெரிய டீச்சர் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பாங்க." புளூட்டோவை டஸ்டரால் துடைத்தார். பிறகு எண்ணிப் பார்த்தார். எட்டு. சாக்பீஸைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "எட்டுப்படி வைக்க முடியாது. சரி, விளக்குக்குப் பதிலா சூரியனையே ஒரு பொண்ணா மேல நிக்க வச்சுட்டா ஒன்பது. யாரு சூரியன்? தப்பைக் கண்டுபிடிச்சவளே நிக்கட்டும்!"

வகுப்பே கை தட்டியது. நான் பக்கத்தில் பார்த்தேன். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். என் பெயர் வந்ததற்காக நிஜமாகவே தட்டினாள். தன்னை எடுத்துவிட்டார்கள் என்பது அவளுக்கு உறைப்பதற்கு இன்னும் சில நொடிகள் இருந்தன. அந்தக் கைகள் மெல்ல மெல்ல நின்றதைப் பார்த்தவள் நான் மட்டும்தான்.

"நீ முன் வரிசையில உக்காந்து பாரும்மா" என்றார் டீச்சர் அவளிடம். அன்பாகத்தான் சொன்னார்.

அதன்பின் இரண்டு நாள் அவள் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு கிளாஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சைக்கிளை நொச்சிக்குப்பத்துக்கு விட்டேன். ரோட்டோரம் பலகையில் சங்கரா மீனும் காரப்பொடி மீனும் பரப்பி, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார் அவள் அம்மா. "இன்னா பாப்பா, மாடவீதிலருந்து மீனு வாங்கவா வந்தே?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, கத்தி பிடித்த கையாலேயே மணல் பக்கம் காட்டினார்.

கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிரீடம்.

"நீதான் போட்டுக்குடுத்தே."

"போட்டுக்குடுக்கலை. பேப்பர்ல வந்தது."

"பேப்பர்ல ஆயிரம் கீது. வாய மூடிக்கினு இருந்தா வெடிச்சிடுவியா?"

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "சனியோட அம்மா இன்னும் சரியா ஒத்துக்கலை. அவ வரலைன்னா நீ சனியா நில்லு. நான் டீச்சர்கிட்ட பேசறேன்."

"அடுத்தவ எடம் எனக்கு இன்னாத்துக்கு? எங்க நைனா புளூட்டோவுக்குன்னு பின்னிக்கீது. ஊரெல்லாம் சொல்லிக்கீது. இப்ப போய் இன்னான்னு சொல்றது? உம் பொண்ணைத் தூக்கிட்டாங்கன்னா?" வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பிறகு அவள் கேட்டாள்: "சரி, அது கோள் இல்லன்னா, வேற இன்னா அது?"

எனக்குத் தெரியவில்லை. செய்தியின் தலைப்பையும் முதல் நாலு வரியையும்தான் படித்திருந்தேன்.

அதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார். தோளில் ஈர வலை. உப்பும் டீசலும் கலந்த வாசனை. "நீ எந்தக் கெரகம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"சூரியன், அங்கிள்."

"அட்றா சக்க! அப்ப நம்ம பொண்ணு உன்னியத்தான் சுத்திக்கினு வருமா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, மணலைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "ஆமா அங்கிள். சுத்துவா."

சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

வெட்டி வைத்திருந்த செய்தியை அன்று முழுவதும் படித்தேன். திங்கட்கிழமை நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் எடுத்தேன். ரூல்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய்: பாறைக் கோள்கள். சின்னவை, கெட்டியானவை, காலூன்ற இடம் உண்டு. வியாழன், சனி: வாயுக் கோள்கள். மிகப்பெரியவை, ஆனால் இறங்கினால் நிற்க இடமில்லை, உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். யுரேனஸ், நெப்டியூன்: பழைய புத்தகம் இவற்றையும் வாயு என்றது, புதிய புத்தகம் பனிப் பெருங்கோள்கள் என்றது. உள்ளே நீரும் அமோனியாவும் மீத்தேனும் கலந்த கூழ். மீத்தேன் சிவப்பை விழுங்கிவிடுவதால் நீலம். நாலாவது வகை: குறுங்கோள்கள். சூரியனைச் சுற்றுகின்றன, உருண்டையாக இருக்கின்றன, ஆனால் தங்கள் பாதையைத் தனியாக வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பலம் இல்லை. புளூட்டோ, செரஸ், இன்னும் பெயர் வைக்காத ஒன்று.

அதுவரை எனக்குப் பட்டியல் என்றால் ஒன்று பெயர் இருக்கும், அல்லது இருக்காது. எடுக்கப்பட்டது வேறொரு பட்டியலில் முதல் பெயராக இருக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. புளூட்டோ கூட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. இன்னொரு கூட்டத்தில் இருந்தது.

டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது, பாதி மட்டும். "வகைவகையா உடுத்தலாம்! பாறைக்கெல்லாம் சாக்குத்துணி, வாயுவுக்கு உப்பின பாவாடை, பனிக்கு நீலம்." வியாழனின் அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. டீச்சர் நம்மில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். திருநெல்வேலிப் பேச்சு மாறாத மனிதர். மேசையில் துணியை விரித்து, "யார் யாருக்கு எம்புட்டு வேணும், கணக்காச் சொல்லுங்க பிள்ளைகளா" என்றார். நான் கோளின் குறுக்களவை வைத்துக் கணக்காகவே சொன்னேன். "புதனுக்கு ஒரு முழம்னா, வியாழனுக்கு இருபத்தொன்பது முழம்."

"ஏயம்மா! எம் பொண்ணு கடையவே காலி பண்ணிருவா போலிருக்கே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த மேசையில் புடவை பார்த்தவர்கள் திரும்பினார்கள். டீ வந்தது, பன் வந்தது. புதிய துணியின் கஞ்சி வாசனை இன்னும் எனக்கு அந்தச் சிரிப்போடு சேர்ந்துதான் வருகிறது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "டீச்சர், புளூட்டோ?"

"நீ எழுதினது சரிதாம்மா. எங்க நிக்க வைக்கிறது? பத்தாம்படி கூடாது, இரட்டைப்படை. பதினொண்ணு கட்டினா உன் தலை ஃபேன்ல இடிக்கும்." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு இடம்தான் பிரச்சினையாக இருந்தது. ஆள் கண்ணில் படவில்லை. நானும் ஒரு வாரத்துக்கு முன் அப்படித்தான் இருந்தேன்.

அவள் பள்ளிக்குத் திரும்பி வந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் மணல் தட்டினாள். என்னோடு பேசவில்லை. பென்சில் கேட்டால் கொடுத்தாள். பரீட்சை வந்தது, முடிந்தது. அவள் அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. ஏதாவது சொல்லியிருப்பாள் என்றும், சொல்லியிருக்கக் கூடாதே என்றும் மாறி மாறித் தோன்றியது.

நவராத்திரி ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக் கொலு ஏழு படி. கீழே தரையில், வழக்கம்போல பார்க். தட்டில் மண் கொட்டி முளைக்கவைத்த கேழ்வரகு, உடைந்த கண்ணாடியில் ஒரு குளம், அதில் ஒற்றை வாத்து. அந்த வருடம் அத்தை பையன் தந்த பேட்டரி ரயிலையும் அம்மா விட்டிருந்தாள். தண்டவாளம் படிகளுக்குப் பின்னால் போய் இன்னொரு பக்கம் வந்தது.

ரயிலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அம்மா, ஏழு படி, பார்க் ஒண்ணு. மொத்தம் எட்டு வரிசை ஆயிடாதா?"

அம்மா சுண்டல் தாளித்துக்கொண்டே சொன்னாள். "அசடே, பார்க்கெல்லாம் படிக்கணக்குல சேராதுடி. நம்மாத்துல என்னிக்குச் சேத்திருக்கு? அது பாட்டுக்குக் கீழ சுத்திண்டிருக்கட்டும்."

ரயில் படிகளுக்குப் பின்னால் மறைந்தது. கடகட சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மறுபக்கம் வந்தது.

மறுநாள் விடுமுறை என்பதைக்கூட மறந்து பள்ளி வாசலில் போய் நின்றேன். மேடை வேலைக்காக வந்த டீச்சர் ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "டீச்சர், புளூட்டோ படியில வேண்டாம். பார்க்ல சுத்தட்டும். கோள் எதுவும் நிக்காது, டீச்சர். நாங்க ஒன்பது பேரும் நிக்கிறதுதான் தப்பு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். யோசித்தார். "ஒன்பது இல்லைம்மா, சூரியன் நிக்கலாம், கணக்குல கோட்டை விடாத" என்றார். பிறகு சிரித்தார். "சுத்தட்டும். ஆனா புளூட்டோ ஒரு தடவ சுத்த இருநூத்து நாப்பத்தெட்டு வருஷம். அதனால அரை மணிக்கு ஒரே சுத்து. ஓடினா நிறுத்திடுவேன்."

படகின் நிழலில் போய் இதைச் சொன்னபோது அவள் உடனே சிரிக்கவில்லை. "படியில இல்லியா?"

"இல்லை. ஆனா உன்னால மட்டும்தான் நகர முடியும். நாங்கல்லாம் பொம்மை."

கொஞ்ச நேரம் சிப்பிகளை விரலால் எண்ணினாள். "நைனாகிட்ட ஒண்ணும் சொல்லல. சொன்னா கொலுவுக்கு வராம கடலுக்குப் போய்டும்னு சொல்லல." பிறகு எழுந்தாள். "எம்மாம் மெதுவா?"

ஈர மணலில் ஒத்திகை பார்த்தாள். காலை வைத்து, எடுத்து, அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறி அது மறையும் வரை அடுத்த காலை எடுக்கக் கூடாது என்று அவளே ஒரு விதி வைத்துக்கொண்டாள். நான் எண்ணினேன். ஒரு பக்கம் கொஞ்சம் உள்ளே வரவேண்டும் என்றும் சொன்னேன். புளூட்டோவின் பாதை சாய்வானது, சில காலம் நெப்டியூனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். "அப்ப நெப்டியூன் கோச்சிக்க மாட்டாளா?" என்றாள். ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பண்ணிய முதல் கேலி.

கொலு அன்று சாயங்காலம் ஹால் நிறைந்திருந்தது. மல்லிகை, சுண்டல், பெஞ்சுகளின் பழைய வார்னிஷ் வாசனை. எனக்கு மஞ்சள் ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டை, கழுத்தை அறுத்தது. உச்சிப்படியிலிருந்து எல்லாம் தெரிந்தது. கதவோரம் அவள் அப்பா நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, படகுக் கூட்டாளிகள் இரண்டு பேர். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. கடைசிப்படியில் நெப்டியூன் நிற்பதைப் பார்த்தார். முகம் மாறியது. படிகள் எல்லாவற்றிலும் மகளைத் தேடினார்.

அப்போது சிப்பிச் சத்தம் கேட்டது.

வலதுபக்கத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் அம்மாவின் வெளிர் பழுப்புச் சேலை, வெள்ளை வலைக்கிரீடம், தரையில் கேழ்வரகு முளைகளுக்கு நடுவே போட்ட கோலப்பாதை. ஒரு அடி. நீண்ட இடைவெளி. இன்னொரு அடி. ஹால் அடங்கிவிட்டது. நெப்டியூனைத் தாண்டும்போது கொஞ்சம் உள்ளே வந்து, படியை உரசிக்கொண்டு போனாள். நாம் யாரும் மூச்சுகூட விடவில்லை. அவள் மட்டும் போய்க்கொண்டிருந்தாள். இடதுபக்கம் திரும்பி, படிகளுக்குப் பின்னால் மறைந்தாள்.

பின்னால் சுவருக்கும் மேசைகளுக்கும் நடுவே ஓராள் நுழையும் சந்து. அங்கே பன்னிரண்டு அடி வைத்தால் மறுபக்கம் வந்துவிடலாம், எண்ணிவைத்திருந்தேன். ஐந்தாவது அடியில் சிப்பிச் சத்தம் நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். முப்பது வரை வந்துவிட்டேன். சத்தம் இல்லை. முன் வரிசையில் ஒரு ஒண்ணாம் வகுப்புக் குழந்தை, "அம்மா, அது எங்க? போயிடுச்சா?" என்று கேட்டது. கதவோரம் அவள் அப்பா இரண்டடி முன்னால் வந்தார்.

பொம்மை திரும்பக் கூடாது. நான் திரும்பினேன்.

கிரீடத்தின் வால் ஒரு பெஞ்சின் ஆணியில் மாட்டியிருந்தது. நம்மில் வேறு யாராக இருந்தாலும் இழுத்துக் கிழித்திருப்போம். அவள் இழுக்கவில்லை. வலைவீட்டுப் பிள்ளை. ஒரு அடி பின்னால் வைத்தாள், வலை தளர்ந்தது; தோளை லேசாகச் சாய்த்தாள், கண்ணி ஆணியிலிருந்து தானாக விழுந்தது. பிறகு அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் என் முகம். அவசரமே இல்லாமல் சிரித்தாள். 'பயந்துட்டியா?' என்பது போல.

அந்த நொடியில்தான் போட்டோக்காரர் ஃபிளாஷ் அடித்தார்.

ஆறாவது அடி. சிப்பி. ஏழாவது. வலதுபக்கத் திரைக்கு வெளியே அவள் வந்தபோது அந்தக் குழந்தை எழுந்து நின்று, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தியது. ஹால் முழுவதும் கை தட்டல். அதற்கு மேலே கடல் காற்றில் பேசிப் பழகிய ஒரு குரல்: "பாத்தியாடா, எல்லாம் நின்னுக்கினு கீது, எம் பொண்ணுதான் சுத்துது!"

நிகழ்ச்சி முடிந்ததும் டீச்சர் புளூட்டோவைக் கட்டிக்கொண்டார். என்னைத் திட்டினார். "எல்லாரும் எவ்வளவு அழகா நின்னாங்க. நீ திரும்பிப் போட்டோவையே கெடுத்துட்டே." அவள் அப்பா என் பக்கம் வந்து, "சொன்ன மாதிரியே சுத்த வுட்டுட்டியேம்மா" என்றார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. எனக்கு ஜிகினாவுக்குள் வேர்த்தது.

ஏழாம் வகுப்பு முடிந்ததும் அவர்கள் குடும்பம் ஊருக்கு வெளியே குடியிருப்புக்கு மாறிப்போனது. அதோடு தொடர்பு விட்டுப்போயிற்று.

முந்தாநாள் அம்மாவின் முழங்காலுக்காக ஆழ்வார்பேட்டையில் ஒரு ஸ்கேன் மையத்துக்குப் போனேன். உள்ளே நீலச் சட்டை போட்ட பெண் அம்மாவைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். "அசையாம படுங்கம்மா. கொஞ்ச நேரம்தான். அசைஞ்சா படம் கலங்கிடும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இன்னும் குள்ளம்தான்.

"ஏய், சூரியன்!" என்றாள். அம்மா பயந்து எழுந்துவிட்டாள். இன்னொரு முறை படம் எடுக்க வேண்டியதாயிற்று.

வெளியே வராந்தாவில் நின்று போனில் அந்தப் போட்டோவைக் காட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பயம், தன்னைக் காணவில்லை என்று வருத்தப்படுவாளோ என்று. புதனிலிருந்து நெப்டியூன்வரை விரலை வைத்து இறங்கினாள். மறுபடி மேலே போனாள். சூரியனின் திரும்பிய கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வராந்தாவே திரும்பும்படி சிரித்தாள்.

"இது நானு! நீ என்னியத்தான் பாத்துக்கினு கீற!"

அவள் எண்ணை யுரேனஸுக்கு அனுப்பியிருக்கிறேன். குழுவில் சேர்த்துவிடுங்கள். நினைவு மலரில் படத்துக்கு அடியில் போடவேண்டியது இதுதான். எதையும் வெட்டாமல் போடுங்கள்:

மேலிருந்து கீழே: சூரியன்; புதன், வெள்ளி, பூமி, சிவப்புக் கோள்; வியாழன், வளையக் கோள்; யுரேனஸ், நெப்டியூன்.

படிகளுக்குப் பின்னால், வந்துகொண்டிருப்பவர்: புளூட்டோ.